பேசும் கொள்கையும் கொடுக்கும் நன்கொடையும்: நிறுவனங்களின் அரசியல் பணம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜூன் மாதம் பிறந்தால், பால்புதுமையினரின் (தன்பாலின ஈர்ப்பாளர்கள், திருநர் போன்றோரின்) உரிமையைக் கொண்டாடப் பல நிறுவனங்களின் இலச்சினை வானவில் நிறத்துக்கு மாறிவிடுகிறது. ஆண்டறிக்கையைத் திறந்தால் பருவநிலைக்கு ஒரு முழு அத்தியாயம், பெண்களின் உரிமைக்கு இன்னொன்று. தேர்தல் நன்கொடைக் கணக்கைத் திறந்தால், அந்த உரிமைகளை எதிர்த்து வாக்களிக்கும் அரசியல்வாதிக்கு அதே நிறுவனத்தின் பெயரில் காசோலை போயிருக்கிறது. படிப்பது ராமாயணம், இடிப்பது பெருமாள் கோயில் என்று நம் ஊரில் இதைத்தான் சொல்வார்கள்.

இது பற்றி நண்பர்கள் கேட்ட கேள்விகளையும், அமெரிக்க நிறுவனங்களில் வேலை பார்ப்பவர்கள் கேட்ட கேள்விகளையும் இங்கே சேர்த்திருக்கிறேன். எடுத்துக்காட்டுகளில் பெரும்பாலானவை அமெரிக்காவைச் சேர்ந்தவை. அங்கேதான் கணக்கின் ஒரு பகுதியாவது யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி வெளியே கிடக்கிறது. இந்தியா பற்றித் தனியாக ஒரு கேள்வி இருக்கிறது.

முரண்பாடு என்று எதைச் சொல்கிறீர்கள்? ஒரு எடுத்துக்காட்டு சொல்ல முடியுமா?

2010-இல் அமெரிக்கா முழுக்கக் கடைகள் நடத்தும் டார்கெட் நிறுவனத்துக்கு நடந்ததைச் சொல்கிறேன். அதன் தலைமையகம் மின்னசோட்டா மாநிலத்தில் இருக்கிறது. பால்புதுமையினரான ஊழியர்களை மதிப்பாக நடத்தும் நிறுவனம் என்று அதற்கு நல்ல பெயர். ஹியூமன் ரைட்ஸ் கேம்பெயின் என்ற உரிமை அமைப்பு நிறுவனங்களுக்கு ஆண்டுதோறும் போடும் மதிப்பெண்ணில் நூற்றுக்கு நூறு வாங்கியிருந்தது.

அந்த ஆண்டு மின்னசோட்டா ஆளுநர் தேர்தல். மின்னசோட்டா ஃபார்வர்டு என்ற குழுவுக்கு டார்கெட் ரொக்கமாகவும் சேவையாகவும் சேர்த்து 1,50,000 டாலர் கொடுத்தது. அந்தக் குழு ஆதரித்த வேட்பாளர் டாம் எம்மர். தன்பாலினத் திருமணத்தை வெளிப்படையாக எதிர்த்தவர். எம்மரின் தொழில், வரிக் கொள்கைக்காகத்தான் பணம் போனது என்று நிறுவனம் விளக்கம் சொன்னது. ஊழியர்கள் அதை ஏற்கவில்லை. கடைகளின் முன்னால் போராட்டம் நடந்தது. தலைமை நிர்வாகி கிரெக் ஸ்டைன்ஹாஃபெல் ஆகஸ்ட் மாதம் ஊழியர்களுக்குக் கடிதம் எழுதி மன்னிப்புக் கேட்டார். எம்மர் 9,000-க்கும் குறைவான வாக்குகளில் தோற்றுப்போனார்.

இந்த விவகாரம் வெளியே வந்ததற்குக் காரணம் நிறுவனத்தின் நேர்மையோ நிருபரின் சாமர்த்தியமோ மட்டும் இல்லை. நன்கொடையை அறிவித்தே ஆக வேண்டும் என்று மின்னசோட்டா சட்டம் சொன்னது. அந்த ஒரு விதி இல்லாவிட்டால் அந்த 1,50,000 டாலர் பற்றி இன்றுவரை யாருக்கும் தெரிந்திருக்காது.

அமெரிக்காவில் நிறுவனங்கள் வேட்பாளருக்குப் பணம் கொடுக்கத் தடை இருக்கிறதே?

இருக்கிறது. நாடாளுமன்ற, அதிபர் தேர்தல்களில் நிறுவனம் தன் கஜானாவிலிருந்து வேட்பாளருக்கு நேரடியாகக் கொடுக்கக் கூடாது என்று 1907-இல் வந்த டில்மன் சட்டம் சொல்கிறது. ஆனால் முன்வாசலை மூடினார்களே தவிர, பக்கத்து வாசல்கள் பல திறந்திருக்கின்றன.

முதலாவது, அரசியல் நடவடிக்கைக் குழு. எல்லோரும் பிஏசி என்றுதான் சொல்வார்கள். மேலாளர்கள், பங்குதாரர்கள் போன்றவர்கள் விரும்பிக் கொடுக்கும் பணம் இதில் சேர்கிறது. குழுவை நடத்தும் செலவை நிறுவனம் ஏற்கலாம். ஒரு வேட்பாளருக்கு ஒரு தேர்தலுக்கு 5,000 டாலர்தான் உச்சவரம்பு. கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதல்கட்டத் தேர்தல் ஒன்று, பொதுத்தேர்தல் ஒன்று என்று கணக்கு வைத்தால் மொத்தம் 10,000.

இரண்டாவது, சூப்பர் பிஏசி, அதாவது வேட்பாளருக்குக் கொடுக்காமல் தானே தேர்தல் செலவு செய்யும் குழு. சிட்டிசன்ஸ் யுனைடெட் வழக்கில் 2010 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்புக் கொடுத்தது. வேட்பாளரோடு கலந்து பேசாமல் தனியாகச் செய்யும் தேர்தல் செலவுக்கு நிறுவனங்கள் எவ்வளவு வேண்டுமானாலும் பணம் போடலாம் என்று ஆனது. மின்னசோட்டாவில் டார்கெட் கொடுத்ததும் இந்தத் தீர்ப்பு திறந்துவிட்ட வழியில்தான்.

மூன்றாவது, ஆளுநர் சங்கங்கள். ரிபப்ளிகன் கட்சி ஆளுநர்களுக்கு ஒன்று, டெமாக்ரட்டிக் கட்சி ஆளுநர்களுக்கு ஒன்று. இவற்றுக்கு நிறுவனத்தின் சொந்தப் பணத்தையே வரம்பில்லாமல் கொடுக்கலாம். இங்கே தொகைகள் பெரிது, செய்தியில் வருவது குறைவு.

நான்காவது, வர்த்தகச் சங்கங்களும் 'சமூக நல' அமைப்புகள் என்று பதிவான சில குழுக்களும். கொடுத்தவர் பெயரை இவை பொதுவாக வெளியே சொல்ல வேண்டியதில்லை. இதைப் பற்றிக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

வேட்பாளருக்கு 5,000 டாலர் எல்லாம் ஒரு பணமா? இதற்கா இவ்வளவு சத்தம்?

ஒரு தொகையைத் தனியாக எடுத்துப் பார்த்தால் சின்னதுதான். ஒரே துறையில் இருக்கும் முப்பது நிறுவனங்களின் பிஏசிக்கள் ஒரே உறுப்பினருக்குக் கொடுக்கும்போது அது சின்னத் தொகையாக இருப்பதில்லை. அப்புறம், நிதி திரட்டும் விருந்தில் ஒரு நாற்காலி கிடைக்கிறது, தொலைபேசி எடுக்கப்படுகிறது. பிஏசிக்களின் அறிக்கைகளே இதை 'உறவு வளர்த்தல்' என்று கூச்சமில்லாமல் எழுதுகின்றன. பயன் இல்லாத ஒன்றுக்கு இத்தனை நிறுவனங்கள் தேர்தலுக்குத் தேர்தல் பணம் கட்டாது.

"அவருடைய எல்லாக் கருத்தையும் நாங்கள் ஆதரிக்கவில்லை, வரிக் கொள்கைக்காக மட்டும்தான் கொடுத்தோம்" என்கிறார்களே. அது நியாயம்தானே?

எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் கோபம் வரும் இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

இந்தப் பதிலில் ஓரளவு உண்மை இருக்கிறது. நூற்றுக்கணக்கான உறுப்பினர்களில் எல்லா விஷயத்திலும் ஒத்துப்போகும் ஒருவரைக்கூட எந்த நிறுவனமும் கண்டுபிடிக்க முடியாது. ஒரு தனி மனிதர் வாக்களிக்கும்போதுகூட ஏதோ ஒன்றை விட்டுக்கொடுத்துத்தான் வாக்களிக்கிறார்.

ஆனால் பணம் அப்படிப் பிரியாது. வரிக்காகக் கொடுத்த 5,000 டாலர் வரி மசோதாவில் மட்டும் செலவாவதில்லை. அது ஒரு மனிதரைச் சபைக்கு அனுப்புகிறது. அவர் காலையில் வரி மசோதாவுக்கு ஆதரவாகக் கை தூக்குவார். மாலையில் உங்கள் ஊழியர் ஒருவரின் திருமண உரிமைக்கு எதிராக அதே கையைத் தூக்குவார். முதல் வாக்குக்கு நாங்கள் பொறுப்பு, இரண்டாவதற்குப் பொறுப்பு இல்லை என்று சொல்ல நிறுவனத்துக்கு எந்த வழியும் கிடையாது.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. இந்த வாதத்தைச் சொல்லும்போதே நிறுவனம் தன் முன்னுரிமையைச் சொல்லிவிடுகிறது. வரியும் உரிமையும் மோதினால் வரிதான் முக்கியம் என்பது அதன் பொருள். அப்படித்தான் என்றால் ஆண்டறிக்கையிலும் அதையே எழுதட்டும். 'சமத்துவம் எங்கள் உயிர்மூச்சு' என்று எழுதிவிட்டு, கேள்வி கேட்டால் வரியைக் காட்டுவதுதான் தப்பு. அந்த வாசகத்தை நம்பி வேலைக்குச் சேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். வேறு நல்ல வேலையை விட்டுவிட்டு வந்தவர்களும் இருக்கிறார்கள்.

எந்தக் கருத்து வேறுபாட்டைப் பொறுத்துக்கொள்ளலாம், எதைப் பொறுக்க முடியாது என்று முன்கூட்டியே எழுதி வைத்திருக்கும் நிறுவனத்தோடு எனக்குச் சண்டை இல்லை. அந்தக் கோடு எனக்குப் பிடிக்காத இடத்தில் இருக்கலாம். இருந்தாலும் அதை வைத்துக் கேள்வி கேட்க முடியும். கோடே இல்லாதவர்களிடம் எதைப் பிடித்துக் கேட்பது?

இரண்டு கட்சிகளுக்கும் சமமாகக் கொடுத்தால் பிரச்சினை இல்லையா?

பக்கச் சார்பு என்ற குற்றச்சாட்டு போய்விடும். முரண்பாடு அப்படியேதான் இருக்கும். ஓர் உரிமையை ஆதரிப்பவருக்கும் அதை எதிர்ப்பவருக்கும் ஒரே தொகை கொடுத்தால், அந்த உரிமை பற்றி நிறுவனத்துக்குக் கருத்து எதுவும் இல்லை என்றுதான் கணக்கு சொல்கிறது.

2021 ஜனவரி 6-க்குப் பிறகு பல நிறுவனங்கள் நன்கொடையை நிறுத்தினவே, அப்புறம் என்ன ஆனது?

அன்று அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் கும்பல் புகுந்தது. அதன் பிறகும் 147 உறுப்பினர்கள், அதாவது கீழவையில் 139 பேரும் மேலவையில் 8 பேரும், அதிபர் தேர்தல் முடிவை ஏற்க மறுத்து வாக்களித்தார்கள். சில நாட்களிலேயே மேரியட், புளூ கிராஸ் புளூ ஷீல்டு சங்கம், காமர்ஸ் பேங்க்ஷேர்ஸ் ஆகியவை அவர்களுக்கு நன்கொடையை நிறுத்துவதாகக் கூறின. பின்னாலேயே ஏடி அண்ட் டி, அமேசான், காம்காஸ்ட் என்று வரிசையாக அறிவிப்புகள் வந்தன. வாழ்த்து அட்டை விற்கும் ஹால்மார்க் ஒரு படி மேலே போய், ஜாஷ் ஹாலி, ரோஜர் மார்ஷல் என்ற இரு மேலவை உறுப்பினர்களிடம் கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்டது.

நான் அப்போது உண்மையிலேயே சந்தோஷப்பட்டேன். பிறகுதான் அறிவிப்புகளின் சொற்களை நிதானமாகப் படித்தேன். சிலர் அந்த 147 பேருக்கு மட்டும் நிறுத்தினார்கள். வேறு சிலர் இரண்டு கட்சிக்கும் சேர்த்தே 'தற்காலிகமாக' நிறுத்தினார்கள். தேர்தல் முடிந்த அடுத்த ஜனவரியில் நன்கொடை எப்படியும் மந்தமாகத்தான் இருக்கும். அந்த நேரத்தில் எல்லோருக்கும் நிறுத்துவதால் யாருக்கும் பெரிதாக எதுவும் குறைந்துவிடாது.

சில மாதங்களில் பணம் மறுபடி ஓடத் தொடங்கியது. அந்த உறுப்பினர்களில் 37 பேருக்கு டொயோட்டாவின் பிஏசி 55,000 டாலர் கொடுத்திருந்தது 2021 ஜூனில் செய்தியானது. ஒரு வாக்கை மட்டும் வைத்து ஓர் உறுப்பினரை எடைபோடுவது சரியில்லை என்று நிறுவனம் முதலில் சொன்னது. எதிர்ப்பு விளம்பரங்கள் வந்தன. ஜூலையில் நிறுத்துவதாக அறிவித்தது. அடுத்த ஆண்டே மீண்டும் கொடுக்கத் தொடங்கியது.

நிறுத்தினோம் என்று செய்தி வந்தால் அதில் மூன்று விஷயங்களைத் தேடுங்கள்: யாருக்கு நிறுத்தினார்கள், எதுவரை நிறுத்தினார்கள், பிஏசி பணத்தை மட்டுமா, ஆளுநர் சங்கங்களுக்குப் போகும் பணத்தையும் சேர்த்தா. 'மறுபரிசீலனை செய்கிறோம்' என்ற சொல்லுக்கு நான் இப்போதெல்லாம் மதிப்புக் கொடுப்பதில்லை.

வர்த்தகச் சங்கத்துக்குக் கட்டும் சந்தாவை எப்படி அரசியல் நன்கொடை என்று சொல்ல முடியும்?

ஒரு துறையில் இருப்பவர்கள் சங்கம் வைப்பதில் தவறில்லை. தரக் கட்டுப்பாடு, பயிற்சி, மாநாடு என்று நல்ல வேலைகள் நடக்கும். ஆனால் பெரிய சங்கங்கள் சட்டங்களை எதிர்த்து அரசியல்வாதிகளிடம் ஆதரவு திரட்டும் 'லாபி' வேலையும் செய்கின்றன, சில நேரம் தேர்தலிலும் இறங்குகின்றன. நிறுவனம் தன் மேடையில் பாரிஸ் பருவநிலை ஒப்பந்தத்தை வரவேற்கும். அது சந்தா கட்டும் சங்கம் அதே ஒப்பந்தத்தை எதிர்க்கும் வேட்பாளரை ஆதரிக்கும். நிறுவனத்தின் கை சுத்தமாக இருப்பதுபோலத் தெரியும்.

'சங்கம் என்ன செய்கிறது என்று எங்களுக்குத் தெரியாது' என்று சொன்னால் நம்பாதீர்கள். அமெரிக்க வரிச் சட்டப்படி சங்கச் சந்தாவில் லாபிக்குப் போன பங்கை நிறுவனம் செலவாகக் காட்டி வரி குறைக்க முடியாது. அதனால் எவ்வளவு பங்கு அதற்குப் போனது என்று சங்கம் பொதுவாக உறுப்பினர்களுக்குத் தெரிவிக்கிறது. தெரிவிக்காவிட்டால் சங்கமே அதற்கு வரி கட்ட வேண்டும். அந்த எண் கணக்குப் பிரிவின் மேசைக்கு வந்துவிடுகிறது என்றுதான் பொருள்.

வெளியேறியவர்களும் உண்டு. பருவநிலை விஷயத்தில் அமெரிக்க வர்த்தக சபையின் போக்கு பிடிக்காமல் 2009-இல் ஆப்பிள் விலகியது. நைக்கி அதன் இயக்குநர் குழுவிலிருந்து மட்டும் விலகி, உறுப்பினராகத் தொடர்ந்தது. 2019-இல் ஷெல், தான் உறுப்பினராக இருந்த 19 சங்கங்களை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டு, ஒன்றிலிருந்து வெளியேறியது. எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது 2021 ஜனவரியில் பிரான்சின் டோட்டல் எண்ணெய் நிறுவனம் எடுத்த முடிவு. அமெரிக்கன் பெட்ரோலியம் இன்ஸ்டிட்யூட் என்ற எண்ணெய்த் துறைச் சங்கத்திலிருந்து விலகியபோது அது சொன்ன காரணங்களில் ஒன்று, பாரிஸ் ஒப்பந்தத்தில் அமெரிக்கா இருக்கக் கூடாது என்று பேசிய வேட்பாளர்களுக்கு அந்தச் சங்கம் தேர்தலில் ஆதரவு கொடுத்தது. ஓர் எண்ணெய் நிறுவனமே இதைக் காரணமாகச் சொல்லி வெளியேற முடிந்திருக்கிறது. மற்றவர்களுக்கு என்ன தடை?

'இந்த நிறுவனம் இவருக்கு இத்தனை லட்சம் கொடுத்தது' என்று வாட்ஸ்அப்பில் படம் வருகிறது. நம்பலாமா?

பாதி நேரம் அது தப்பாக இருக்கும். அமெரிக்காவில் தனி மனிதர் ஒருவர் 200 டாலருக்கு மேல் கொடுத்தால் அவர் எங்கே வேலை பார்க்கிறார் என்பதும் பதிவாகும். ஊழியர்கள் தங்கள் சொந்தப் பணத்தில் கொடுத்ததையெல்லாம் கூட்டி, 'நிறுவனம் கொடுத்தது' என்று யாராவது படம் போட்டுவிடுவார்கள். கிடங்கில் வேலை பார்க்கும் ஒருவர் தன் சம்பளத்திலிருந்து கொடுத்த 250 டாலருக்கு நிறுவனத்தைத் திட்டுவது அநியாயம். தலைமை நிர்வாகி சொந்தப் பணத்தில் கொடுப்பது இரண்டுக்கும் நடுவில் வரும். அதைப் பேசலாம், ஆனால் அது அவருடைய நன்கொடை என்று சொல்லித்தான் பேச வேண்டும்.

நீங்களே பார்க்கலாம், பத்து நிமிடம் போதும். அமெரிக்கக் கூட்டாட்சித் தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் நிறுவனத்தின் பெயரைப் போட்டால் அதன் பிஏசி வரும். அதில் செலவுப் பக்கத்தைத் திறந்தால் ஒவ்வொரு வரியிலும் தேதி, வாங்கிய குழுவின் பெயர், தொகை, எந்தத் தேர்தலுக்கு என்ற குறியீடு இருக்கும். பி என்று தொடங்கினால் முதல்கட்டத் தேர்தல், ஜி என்று தொடங்கினால் பொதுத்தேர்தல். அந்தப் பெயர்களில் பத்தை எடுத்து, நிறுவனம் பெரிதாகப் பேசும் ஒரு விஷயத்தில் அவர்கள் எப்படி வாக்களித்தார்கள் என்று தேடிப் பாருங்கள். ஓப்பன்சீக்ரெட்ஸ் என்ற அமைப்பின் தளம் இதையே கொஞ்சம் எளிதாகக் காட்டும். ஆனால் அங்கே ஊழியர் பணமும் பிஏசி பணமும் சேர்ந்து ஒரே கூட்டுத் தொகையாக வரும் இடங்கள் உண்டு, கவனமாகப் படியுங்கள். ஆளுநர் சங்கங்களின் கணக்கு அமெரிக்க வருமான வரித் துறையிடம் தனியாக இருக்கும்.

என் நிறுவனத்தின் பிஏசிக்குப் பணம் கேட்டு மின்னஞ்சல் வந்திருக்கிறது. ஹெச்-1பி விசாவில் இருக்கிறேன். கொடுக்கலாமா?

கூடாது. அமெரிக்கக் குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாதவர் அங்கே எந்தத் தேர்தலுக்கும் பணம் கொடுக்கச் சட்டம் அனுமதிப்பதில்லை. பிஏசிக்குக் கொடுப்பதும் அதில் அடங்கும். பணம் யாருக்குப் போக வேண்டும் என்று முடிவு செய்யும் கூட்டத்திலும் நீங்கள் பங்கெடுக்கக் கூடாது. மின்னஞ்சல் பட்டியலில் உங்கள் பெயர் தவறிப்போய்ச் சேர்ந்திருக்கும், எழுதி எடுக்கச் சொல்லுங்கள்.

கிரீன் கார்டு இருந்தால் கொடுக்கலாம். கொடுத்தே ஆக வேண்டும் என்று யாரும் வற்புறுத்தக் கூடாது. பணம் அரசியலுக்குப் போகும் என்பதையும், மறுத்தால் எந்தப் பாதிப்பும் வராது என்பதையும் கேட்கும்போதே சொல்லியாக வேண்டும். தொகை குறிப்பிட்டிருந்தால் அது வெறும் யோசனை என்றும் சொல்ல வேண்டும். சம்பளத்தில் பிடிக்கச் சம்மதித்திருந்தாலும் பிறகு நிறுத்தச் சொல்லலாம்.

நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில், மேலாளர் ஆன சில வாரங்களிலேயே அப்படி ஒரு மின்னஞ்சல் வந்தது. மேலே நாடாளுமன்றக் கட்டடத்தின் படம். கீழே சம்பளத்தில் எவ்வளவு பிடிக்கலாம் என்று நான்கு கட்டங்கள், இரண்டாவது கட்டத்தில் முன்கூட்டியே டிக் போட்டிருந்தது. என்னிடம் கிரீன் கார்டு இருந்தது. அன்று இரவு உட்கார்ந்து பட்டியலைப் பார்த்தேன். குடியேறிகளை வரவேற்கிறோம் என்று எங்கள் வரவேற்பறைச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதியிருக்கும். பட்டியலில் முதல் பக்கத்திலேயே, குடியேறிகளைப் பற்றி மேடையில் மிக மோசமாகப் பேசிய ஓர் உறுப்பினருக்கு 5,000 டாலர் போயிருந்தது. பொறுப்பாளருக்கு எழுதிக் கேட்டேன். 'வணிக நலனைக் கருத்தில் கொண்டு இரு கட்சியினருக்கும் வழங்குகிறோம்' என்று இரண்டு வரியில் பதில் வந்தது. அந்தச் சுவரைத் தாண்டித்தான் தினமும் என் இடத்துக்குப் போக வேண்டும். நான் கொடுக்கவில்லை.

பங்குதாரர்களுக்குத் தெரிந்தால் போதும், அவர்கள் கட்டுப்படுத்திக்கொள்வார்கள் என்பது சரிதானா?

சிட்டிசன்ஸ் யுனைடெட் தீர்ப்பு இந்த நம்பிக்கையின் மேல்தான் நிற்கிறது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதிபதி அந்தோணி கென்னடி, இணையத்தில் உடனுக்குடன் கணக்கு வெளியாகும், பங்குதாரர்கள் பார்த்துக் கேள்வி கேட்பார்கள் என்ற பொருளில் எழுதினார். கணக்கு முழுமையாக வெளியாகவே இல்லை. 2011-இல் பத்துச் சட்டப் பேராசிரியர்கள், பட்டியலிட்ட நிறுவனங்கள் அரசியல் செலவை அறிவிக்க வேண்டும் என்று விதி கொண்டுவரப் பங்குச் சந்தை ஆணையத்திடம் மனுக் கொடுத்தார்கள். அதை ஆதரித்து வந்த கடிதங்கள் பத்து லட்சத்தைத் தாண்டின. 2015 டிசம்பரில் நாடாளுமன்றம், ஆணையம் அப்படி ஒரு விதியை இறுதி செய்யக் கூடாது என்று வரவு செலவுச் சட்டத்தில் ஒரு வரி சேர்த்தது. பங்குதாரர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று அனுமதி கொடுத்தார்கள், பிறகு பங்குதாரர்களின் கண்ணையே கட்டிவிட்டார்கள்.

சில நிறுவனங்கள் தாமாக வெளியிடுகின்றன. சென்டர் ஃபார் பொலிட்டிக்கல் அக்கவுண்டபிலிட்டி என்ற அமைப்பு 2011 முதல் பெரிய நிறுவனங்களை இந்த வெளிப்படைத்தன்மைக்காகத் தரவரிசைப்படுத்தி வருகிறது. ஒரு நிறுவனத்தைப் பற்றித் தேடத் தொடங்க நல்ல இடம்.

இந்தியாவில் நிலைமை என்ன?

இந்தியாவில் நிறுவன நன்கொடை 1969-இல் தடை செய்யப்பட்டு 1985-இல் மறுபடி அனுமதிக்கப்பட்டது. 2013-ஆம் ஆண்டு நிறுவனச் சட்டம், முந்தைய மூன்று ஆண்டுச் சராசரி நிகர லாபத்தில் 7.5 சதவீதத்துக்கு மேல் கொடுக்கக் கூடாது, எந்தக் கட்சிக்கு எவ்வளவு என்று கணக்கில் காட்ட வேண்டும் என்றது. 2017 நிதிச் சட்டம் வரம்பையும் எடுத்தது, கட்சியின் பெயரைச் சொல்லும் கட்டாயத்தையும் எடுத்தது. 2018 ஜனவரியில் தேர்தல் பத்திரங்கள் வந்தன. நஷ்டத்தில் ஓடும் நிறுவனமும் எவ்வளவு வேண்டுமானாலும் பெயர் தெரியாமல் கொடுக்கலாம் என்ற நிலை உருவானது.

2024 பிப்ரவரி 15 அன்று தலைமை நீதிபதி சந்திரசூட் தலைமையிலான ஐந்து நீதிபதிகள் அமர்வு இந்தத் திட்டத்தையும், அதோடு வந்த அந்தச் சட்டத் திருத்தங்களையும் ரத்து செய்தது. மார்ச் மாதம் ஸ்டேட் வங்கியின் பட்டியல் வெளியானது. பத்திரம் வாங்கிக் கொடுத்தவர்களில் முதலிடத்தில் லாட்டரித் தொழில் செய்யும் ஃபியூச்சர் கேமிங், 1,368 கோடி ரூபாய். அடுத்து மேகா இன்ஜினியரிங், 966 கோடி. பெற்ற கட்சிகளில் பாஜக வெகு தூரம் முன்னால் இருந்தது. ஆட்சியிலும் எதிர்க்கட்சி வரிசையிலும் இருந்த பல கட்சிகளும் பணம் பெற்றிருந்தன.

அமெரிக்காவில் கொள்கைக்கும் காசோலைக்கும் உள்ள இடைவெளியைக் கணக்கிட முடிகிறது. இங்கே ஆறு ஆண்டுகள் அந்தக் கேள்வியையே கேட்க முடியவில்லை. இப்போது கேட்கலாம். பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபியின் விதிப்படி முதல் ஆயிரம் பட்டியலிட்ட நிறுவனங்கள் வெளியிட வேண்டிய பொறுப்பு அறிக்கையில் ஏழாவது கோட்பாடு, அரசின் கொள்கையில் செல்வாக்குச் செலுத்துவதைப் பொறுப்போடும் வெளிப்படையாகவும் செய்ய வேண்டும் என்கிறது. உங்களிடம் பங்கு இருக்கும் நிறுவனத்தின் அறிக்கையில் அந்தப் பக்கத்தைப் படியுங்கள். பிறகு லாப நட்டக் கணக்கில் அரசியல் நன்கொடை வரியைப் பாருங்கள். நிறுவனங்களிடம் பணம் வாங்கிக் கட்சிகளுக்குக் கொடுக்கும் தேர்தல் அறக்கட்டளை வழியாகப் போயிருந்தால் அறக்கட்டளையின் பெயர்தான் இருக்கும். அது எந்தக் கட்சிக்குக் கொடுத்தது என்பதை அறக்கட்டளை தேர்தல் ஆணையத்திடம் கொடுக்கும் அறிக்கையில் தேட வேண்டும்.

மற்ற நாடுகளில்?

பிரான்ஸ் 1995-இல் நிறுவன நன்கொடையைத் தடை செய்தது. கனடாவில் கூட்டாட்சித் தேர்தல்களுக்கு முழுத்தடை 2007 முதல் இருக்கிறது. பிரேசிலில் 2015-இல் உச்ச நீதிமன்றமே தடுத்தது. பிரிட்டனில் அனுமதி உண்டு, ஆனால் ஆண்டுக்கு 5,000 பவுண்டுக்கு மேல் போனால் பங்குதாரர்களின் ஒப்புதலை முன்கூட்டியே வாங்க வேண்டும்.

நிறுவனம் கொள்கைக்காக நின்றால் அரசியல்வாதிகள் பழிவாங்குவார்களே?

வாங்குவார்கள். 2022-இல் ஃபுளோரிடாவில் பள்ளி வகுப்புகளில் பாலின அடையாளம் பற்றிப் பேசுவதைக் கட்டுப்படுத்தும் மசோதா வந்தது. அதை ஆதரித்த உறுப்பினர்களுக்கு டிஸ்னி நன்கொடை கொடுத்திருந்தது. அன்றைய தலைமை நிர்வாகி பாப் சாபெக் முதலில் வாய் திறக்கவில்லை. ஊழியர்கள் கொதித்தார்கள். பிறகு மன்னிப்புக் கேட்டு, ஃபுளோரிடாவில் நன்கொடை எல்லாவற்றையும் நிறுத்தினார். அடுத்த மாதமே, 1967 முதல் டிஸ்னிக்கு இருந்த தனி நிர்வாக மாவட்டத்தைக் கலைக்கும் சட்டத்தில் ஆளுநர் டிசாண்டிஸ் கையெழுத்திட்டார். அதற்கு முந்தைய ஆண்டு ஜார்ஜியாவில் வாக்களிப்புச் சட்டத்தை டெல்டா விமான நிறுவனம் கண்டித்தபோது, அதன் எரிபொருள் வரிச் சலுகையை ரத்து செய்ய மாநிலக் கீழவை வாக்களித்தது. மேலவையில் அது நிறைவேறவில்லை.

அந்த நாட்களில்தான் மேலவையில் அன்றைய ரிபப்ளிகன் தலைவர் மிட்ச் மெக்கானல், நிறுவனங்கள் அரசியலில் தலையிடக் கூடாது என்று எச்சரித்தார். நன்கொடையை நான் சொல்லவில்லை என்றும் சேர்த்துக்கொண்டார்.

டிஸ்னி விஷயத்தில் வரிசையைக் கவனியுங்கள். முதலில் நன்கொடை, அப்புறம் மௌனம், அப்புறம் மன்னிப்பு, அதன் பிறகு தண்டனை. பணம் கொடுத்து வளர்த்த உறவு டிஸ்னியைக் காப்பாற்றவில்லை. 50 லட்சம் டாலர் தருகிறோம் என்று அது சொன்னபோது ஹியூமன் ரைட்ஸ் கேம்பெயினும் வாங்க மறுத்துவிட்டது.

அரசியல் நன்கொடையே கொடுக்காமல் ஒரு பெரிய நிறுவனம் பிழைக்க முடியுமா?

ஐபிஎம் நெடுங்காலம் அப்படித்தான் இருந்தது. பிஏசி வைக்காமல், வேட்பாளருக்கோ கட்சிக்கோ பணம் கொடுக்காமல், தன் கருத்தை அரசிடம் நேரடியாக எடுத்துச் சொல்வதை மட்டும் வழக்கமாக வைத்திருந்தது. என் விருப்பமும் அதுவே. ஒரு விஷயத்தில் கருத்து இருந்தால் பெயர் போட்டுச் சொல்லட்டும், சபைக் குழு முன் வந்து வாதாடட்டும். காசோலை எதற்கு?

நான் வாடிக்கையாளரோ ஊழியரோதான். என்ன செய்ய முடியும்?

பொருளை வாங்காமல் விடுவது உங்கள் உரிமை. ஆனால் ஏன் விட்டீர்கள் என்று நிறுவனத்துக்குத் தெரியாவிட்டால் அதனால் பயன் குறைவு. எழுதுங்கள். சுருக்கமாக, தேதியும் தொகையும் போட்டு எழுதுங்கள். என் நண்பர் ஒருவருக்கு நான் எழுதிக் கொடுத்த கடிதத்தின் சாரம் இது:

"உங்கள் பிஏசி இந்தத் தேதியில் இவருக்கு 5,000 டாலர் கொடுத்திருக்கிறது. அவர் இந்த மசோதாவில் இப்படி வாக்களித்தார். உங்கள் இணையதளத்தில் இந்த வாசகம் இருக்கிறது. இரண்டும் எப்படிப் பொருந்துகின்றன? யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்ய எழுதி வைத்த அளவுகோல் உண்டா? நீங்கள் சந்தா கட்டும் சங்கங்களின் பட்டியலையும் அதில் லாபிக்குப் போன பங்கையும் வெளியிடுவீர்களா?"

ஊழியராக இருந்தால் தனியாக எழுதாதீர்கள். நான்கைந்து பேர் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் அது பொறுப்பாளரின் மேசையைத் தாண்டி மேலே போகும். டார்கெட்டிலும் டிஸ்னியிலும் தலைமையை அசைத்ததில் உள்ளே இருந்தவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. டார்கெட்டில் அந்த அமளிக்குப் பிறகு நன்கொடை முடிவுகளைப் பரிசீலிக்க மூத்த நிர்வாகிகள் குழு ஒன்று அமைக்கப்பட்டது.

எழுதினேன், பதில் வரவில்லை. அடுத்து?

பங்குதாரர் கூட்டத்தில் கேளுங்கள். ஒரு பங்கு இருந்தால்கூடப் பல நிறுவனங்களின் இணையவழிக் கூட்டத்தில் கேள்வியை எழுதி அனுப்பலாம். பிஏசியின் அடுத்த அறிக்கை எப்போது வரும் என்று பார்த்து நாட்காட்டியில் குறித்து வையுங்கள். பெரும்பாலான பிஏசிக்கள் மாதம் ஒருமுறையோ காலாண்டுக்கு ஒருமுறையோ கணக்குக் கொடுக்கின்றன. நீங்கள் எழுதிய பெயர் அதில் மறுபடி வந்திருந்தால், பழைய கடிதத்தோடு புதிய தேதியையும் தொகையையும் சேர்த்து மறுபடி அனுப்புங்கள். அந்த மேலாளர் வேலையில் இருந்த காலத்தில் நான் மூன்று முறை அனுப்பினேன். மூன்றாவது கடிதத்துக்கு வந்த பதில் ஒன்றரைப் பக்கம் இருந்தது, அதில் அளவுகோல் பற்றி முதன்முறையாக ஒரு பத்தி இருந்தது.